மஞ்சளித்த ஸ்கிராப்புக் பக்கங்களைக் கணினியில் புதுப்பிப்பது எப்படி

தைப்பூச ஊர்வலப் படம், தமிழ் முரசிலிருந்து வெட்டிய செய்தி, செந்தோசா நுழைவுச்சீட்டு, கல்யாணப் பத்திரிகையின் முகப்பு, ஓரத்தில் அம்மாவோ அத்தையோ பேனாவால் எழுதிய இரண்டு வரி. இப்படி ஒட்டிச் சேர்த்த ஸ்கிராப்புக் இங்கே பல தமிழ் வீடுகளில் உண்டு. சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்தக் காற்றில் தாள் பழுத்துவிடும், பசை கசியும், வண்ணப் படம் சிவக்கும். அத்தகைய பக்கத்தை ஸ்கேன் செய்து, கணினியில் சரிசெய்து, மறுபடி அச்சிட்டு எடுக்கும் வழியை முதல்முறை செய்பவர்களுக்காக இங்கே சொல்கிறோம்.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். தாளைப் புதிதாக்கலாம். கையெழுத்து, கத்தரி போன கோடு, முகம் ஆகிய மூன்றையும் மாற்றக் கூடாது. கோணலாக ஒட்டிய படம் கோணலாகவே இருக்கட்டும். ஏதாவது ஒரு படியில் தயங்கினால் இந்த முடிவை வைத்துத் தீர்மானியுங்கள்.

ஸ்கேனுக்கு முன்

ஏட்டைத் திறந்ததும் முகர்ந்து பார்க்காதீர்கள். சாம்பல் நிறத்திலோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஏட்டை மற்றப் புத்தகங்களிலிருந்து பிரித்து, குளிரூட்டி ஓடும் அறையில் பக்கங்களை விரித்து ஓரிரு நாள் வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்; தாள் சுருண்டு வண்ணமும் வெளிறும். பூஞ்சை ஈரமாக இருக்கும்போது தூரிகையால் தட்டினால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, மென்மையான தூரிகையால் உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளுங்கள். இதை ஜன்னலோரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

குளிர்ந்த அறையிலிருந்து வெக்கையான கூடத்துக்கு ஏட்டை எடுத்து வந்தால் உடனே ஸ்கேனர் கண்ணாடியில் வைக்காதீர்கள். படத்தின் மேல் ஈரம் படியும். ஈரமான படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் மேற்பூச்சு உரிந்து வரும். அரை மணி நேரம் பொறுங்கள்.

பிளாஸ்டிக் தாள் போர்த்திய, பசைக் கோடுகள் கொண்ட ஆல்பமாக இருந்தால் படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். மெழுகு பூசாத பல் நூலைப் படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, மெதுவாக முன்னும் பின்னும் அறுப்பதுபோல் நகர்த்துங்கள். நூல் நகர மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு, படம் ஒட்டியிருக்கும் நிலையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுத்துப்போன செலோடேப்பையும் தொடாதீர்கள். தாளில் இருக்கும்போது தொல்லையாகத் தெரிகிற கறையைக் கணினியில் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். கிழிந்த தாளை அப்படி மீட்க முடியாது.

ஸ்கேன் அமைப்பு

ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்கம், நிற மீட்பு, கூர்மையாக்கல் போன்ற தானியங்கி வசதிகள் அனைத்தையும் முதலில் அணைத்துவிடுங்கள். மூலக் கோப்பில் திருத்தம் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. பிறகு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), 48 பிட் வண்ணம் (ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நுணுக்கமாகப் பதிவது), டிஃப் வடிவம் (தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகை) ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். அதே அளவில் அச்சிட 300 டிபிஐ போதும். ஆனால் செய்தித்தாள் துண்டும் சின்னப் படங்களும் உள்ள பக்கத்துக்கு 600 தேவைப்படும். 12 அங்குலச் சதுரப் பக்கம் 600 டிபிஐயில் 7200-க்கு 7200 புள்ளிகள் வரும். 48 பிட்டில் அது ஏறக்குறைய 310 எம்பி. 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி இதில் திணறும். அந்த நிலையில் 24 பிட்டுக்கு இறங்குங்கள், டிபிஐயைக் குறைக்காதீர்கள்.

பள்ளி ஓவிய நோட்டு ஏ4 கண்ணாடியில் அடங்கும். 12 அங்குலப் பக்கம் அடங்காது. பக்கம் 30.5 செ.மீ., கண்ணாடி 21.6-க்கு 29.7 செ.மீ. நீளவாக்கில் 8 மி.மீ. மட்டுமே குறைகிறது. பக்கத்தின் மேலோ கீழோ அந்த அளவு வெற்று ஓரம் இருந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டே ஸ்கேன் போதும். ஓரம்வரை ஒட்டியிருந்தால் நான்கு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்ததோடு நான்கில் ஒரு பங்காவது மேற்படிய வேண்டும். மென்பொருள் அந்தப் பொதுப் பகுதியை வைத்துத்தான் இணைக்கும்.

இங்கே புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது பாதியை எடுக்கப் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள், கைக்கு எளிது என்று. ஸ்கேனர் விளக்கின் ஒளி எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து விழுகிறது. பக்கத்தைத் திருப்பினால் ஒரு பாதியில் ஸ்டிக்கரின் நிழல் கீழேயும் மறுபாதியில் மேலேயும் விழும். இணைத்த பிறகு அந்தக் கோடு பளிச்சென்று தெரியும், எந்தத் தூரிகையாலும் மறையாது. மூடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தைத் திருப்பாமல் நகர்த்தியே எடுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம் சற்று உயர்ந்திருப்பதால் பக்கத்தின் ஓரம் தூக்கிக்கொண்டு மங்கலாகும். மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்துச் சமமாக அழுத்துங்கள்.

பின்புறம் அச்சுள்ள செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வையுங்கள். மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது பெருமளவு குறையும்.

பகுதிகளை இணைக்க ஃபோட்டோஷாப்பில் ஃபோட்டோமெர்ஜ் இருக்கிறது. அதில் ‘ரீபொசிஷன்’ அமைப்பைத் தேர்வு செய்யுங்கள். ‘ஆட்டோ’ என்று விட்டால் பக்கத்தை அகலப்படம் என்று நினைத்து வளைத்துவிடும். கட்டணமில்லாத வழி வேண்டுமானால் ஹுகின் மென்பொருளில் இணைத்து, கிம்ப்பில் திருத்தலாம்.

ஸ்கேனரால் முடியாதவை

ஜிகினா, புடவை ஜரிகைத் துண்டு, கல்யாணப் பத்திரிகையின் பொன்னெழுத்து மூன்றும் ஸ்கேனில் கறுப்பாகவோ மண் நிறமாகவோ வரும். உலோகப் பூச்சு ஒளியைச் சாய்வாகத் திருப்பி அனுப்பிவிடுவதால் ஸ்கேனரின் உணரிக்கு அது எட்டுவதில்லை. இவற்றைக் கைப்பேசியால் எடுங்கள். பக்கத்தை ஜன்னலருகே தட்டையாக வைத்து, நேர் வெயில் படாதபடி பார்த்துக்கொண்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடியுங்கள். அட்டையின் கோணத்தை மாற்ற மாற்ற, ஓரிடத்தில் பொன்னெழுத்து முழுதும் ஒளிரும். அப்போது எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசியில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்திச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் பக்கத்தின் ஓரங்கள் வளையும்.

உலர்ந்த மல்லிகை, தடித்த பொத்தான், ரிப்பன் முடிச்சு போன்ற மேடான பொருள்களும் மெல்லிய ஸ்கேனர்களில் மங்கும். அவற்றில் உள்ள சிஐஎஸ் வகை உணரி, கண்ணாடியைத் தொடும் பரப்பை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். சிசிடி வகை ஸ்கேனருக்கு ஆழம் கூடுதல். வாங்கும்போது இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிபிஐ எண்ணிக்கையைவிட இதுதான் ஸ்கிராப்புக் வேலைக்கு முக்கியம்.

கையெழுத்தை மீட்பது

மூல ஸ்கேனை அடியில் ஒரு லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு) வைத்துப் பூட்டிவிடுங்கள். இனி செய்வதெல்லாம் அதன் பிரதியில்தான். இந்த வேலைக்குக் கிம்ப் போதும். உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீயும் நன்றாக உதவும், ஆனால் பெரிய கோப்புகளில் மெதுவாகும்.

பழுத்த தாளில் நீலப் பேனா எழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் உடனே பிரகாசத்தையும் மாறுபாட்டையும் ஏற்றுவார்கள். கறையும் எழுத்தும் சேர்ந்தே கறுக்கும். சரியான வழி, வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்ப்பது. மஞ்சளும் பழுப்பும் நீல அலைவரிசையில் மிகக் கறுப்பாகவும் சிவப்பு அலைவரிசையில் மிக வெளுப்பாகவும் தெரியும். நீல மை இதற்கு நேரெதிர்: சிவப்பு அலைவரிசையில் அது கறுப்பு. ஆகவே சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் தாளின் பழுப்பும் ஈரப்புள்ளிகளும் பெரும்பாலும் மறைந்து, எழுத்து மட்டும் நிற்கும்.

கிம்ப்பில் ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘டீசாச்சுரேட்’, அதற்குள் ‘மோனோ மிக்சர்’. சிவப்பு 1, பச்சை 0, நீலம் 0 என்று கொடுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் ‘சேனல் மிக்சர்’ திறந்து ‘மோனோக்ரோம்’ பெட்டியைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு 100, மற்ற இரண்டும் 0. அடுத்து லெவல்ஸ் (படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாக வரைபடமாகக் காட்டும் கருவி): வலது முனையை உள்ளே இழுத்துத் தாள் வெளுக்கும்வரை கொண்டுவாருங்கள், இடது முனையை மையின் கருமை கூடும்வரை சற்றே நகர்த்துங்கள். பேனா அழுத்திய இடத்துக்கும் தேய்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு மறையும் அளவுக்குப் போகாதீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் எழுதியவரின் கை இருக்கிறது.

எழுத்து இப்போது கறுப்பாக இருக்கும். நீலம் திரும்ப வேண்டுமா? இந்தச் சாம்பல் படத்தைத் தலைகீழ் நிறமாக்கி நகலெடுங்கள். மை நிறம் முழுதும் நிரப்பிய புதிய லேயர் ஒன்றுக்கு அதை முகமூடியாக (வெள்ளையான இடத்தில் மட்டும் லேயரைக் காட்டி, கறுப்பான இடத்தில் மறைப்பது) ஒட்டுங்கள். நிறத்தை ஊகிக்காமல், மூலத்தில் மை அடர்ந்திருக்கும் ஒரு சுழியிலிருந்து நிறம் எடுக்கும் கருவியால் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணி இல்லாத, எந்தத் தாளின் மேலும் வைக்கக்கூடிய கையெழுத்து உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

சிவப்பு மையில் எழுதியிருந்தால் இது நடக்காது, எழுத்தே மறைந்துபோகும். அதற்குப் பச்சை அலைவரிசையைப் பயன்படுத்துங்கள். மங்கிப்போன ரசீதுகளுக்குப் பொது விதி இல்லை. மூன்று அலைவரிசைகளையும் பார்த்து, எழுத்து எதில் துலக்கமாகத் தெரிகிறதோ அதை எடுங்கள். வெப்பத்தாள் ரசீதுகளைச் சூடாக்கி லேமினேட் செய்துவிடாதீர்கள், தாள் முழுதும் கறுத்துவிடும். ஏட்டில் வெப்பத்தாள் இருந்தால் அந்தப் பக்கத்தையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது.

செய்தித்தாள் துண்டு

செய்தியின் எழுத்துகளுக்கு மேலே சொன்ன சிவப்பு அலைவரிசை முறையே போதும். அதிலுள்ள புகைப்படம் வேறு கதை. அது மைப்புள்ளிகளால் ஆனது. சிறிதாக்கும்போது அலையலையாகக் கோடுகள் தோன்றும். 600 டிபிஐ ஸ்கேனில் படப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் வடிகட்டி) 2 முதல் 3 புள்ளி கொடுத்து, 300 டிபிஐக்குக் குறைத்து, பிறகு லேசாகக் கூர்மையாக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. எழுத்துப் பகுதிக்கு பிளர் கொடுக்க வேண்டாம்.

துண்டு பாதி கிழிந்து செய்தி முழுமையாக இல்லையென்றால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் நாளையும் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏட்டில் ஒட்டிய துண்டின் இடத்தில் அந்தத் தெளிவான படத்தை வைத்துவிட வேண்டாம். துண்டை ஒட்டியவர் வெட்டிய விளிம்பு அதோடு போய்விடும்.

சிவந்துபோன வண்ணப் படங்கள்

1970களிலும் 80களிலும் அச்சான வண்ணப் படங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் பல செம்மையடித்திருக்கும். காரணம், படத்திலுள்ள மூன்று சாயங்களில் சயான் (பச்சை கலந்த நீலம்) முதலில் மங்குவது. சயான் போனால் சிவப்பைத் தடுக்க எதுவும் இல்லை. இதைத் தானியங்கி நிறத் திருத்தத்திடம் விடாமல், லெவல்ஸில் ஒவ்வொரு அலைவரிசையாகத் திறந்து கையால் செய்யுங்கள். சிவப்பு அலைவரிசையில் வரைபடம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். இடது முனையை வரைபடம் தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். பச்சையிலும் நீலத்திலும் இரு முனைகளையும் அதேபோல் வரைபடத்தின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் நடு முனையால் நிறச் சமநிலையைப் பாருங்கள்.

சரியான வெள்ளையைத் தேட வேட்டியைத் தொட வேண்டாம். நீலம் போட்டு வெளுத்த வேட்டி நீலம் கலந்ததுதான். சாம்பல் நிறச் சுவர், சிமென்ட் தரை, கோயில் தூணின் நிழல் விழுந்த பகுதி ஆகியவை நம்பகமானவை. தோல் நிறத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெளிச்சத்தை ஏற்றும் எந்தக் கருவியும் கறுத்த முகத்தை முதலில் வெளுப்பாக்கும். தாத்தாவின் நிறம் தாத்தாவின் நிறமாகவே இருக்க வேண்டும். திருத்தும்போது முகத்தை ஒரு முகமூடியால் பிரித்து, அதற்குத் தனியாக, குறைவாக மாற்றம் கொடுங்கள்.

தூசி நீக்கும் வடிகட்டியை முழுப் படத்துக்கும் ஓட்டாதீர்கள். சின்னப் புள்ளியும் மெல்லிய கோடும் அதற்குக் குப்பைதான். பொட்டும் மூக்குத்தியும் திருநீற்றுக் கோடும் அப்படியே போய்விடும். செயற்கை நுண்ணறிவு முகச்சீரமைப்புக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாத இமையையும் பல்லையும் வரைந்து வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. நினைவுக்காக வைத்திருக்கும் ஏட்டில் அவற்றுக்கு இடமில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

கீறல்களைப் புதிய வெற்று லேயரில், 100 சதவீத அளவில் பார்த்தபடி, ஹீல் கருவியால் (சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைப்பது) ஒவ்வொன்றாக எடுங்கள். தூரிகை கீறலைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். முகத்தின் விளிம்பில், தலைமுடி ஓரத்தில் ஹீல் வேண்டாம். அது இருளையும் வெளிச்சத்தையும் கலந்து அழுக்கு பூசிவிடும். அங்கே குளோன் கருவி (பக்கத்துப் பகுதியை அப்படியே நகலெடுப்பது) போதும்.

பக்கத்தை மறுபடி கட்டுவது

கறை படிந்த பின்னணித் தாளை முழுவதும் தேய்த்துச் சுத்தமாக்க முயன்றால் நாள்கணக்கில் ஆகும், முடிவும் திட்டுத்திட்டாக இருக்கும். அதைவிட, மூலத்தாளில் கறையில்லாத ஒரு சதுரத்தை, 800-க்கு 800 புள்ளி அளவில், வெட்டியெடுங்கள். கிம்ப்பில் ‘ஃபில்டர்ஸ்’, ‘மேப்’, ‘டைல் சீம்லெஸ்’ கொடுத்தால் அது ஓரம் தெரியாமல் திரும்பத் திரும்ப அடுக்கக்கூடிய வடிவமாகும். அதைக் கொண்டு புதுப் பின்னணியை நிரப்புங்கள். அதே தாளின் நார், அதே சொரசொரப்பு. நிறம் தூய வெள்ளையாக வேண்டாம். சிவப்பு 245, பச்சை 240, நீலம் 228 போன்ற இளம் பால்நிறம் பழைய படங்களோடு ஒத்துப்போகும்.

படங்களையும் துண்டுகளையும் தேர்ந்தெடுத்து வெட்டும்போது தேர்வை 1 புள்ளி உள்ளே சுருக்கி, விளிம்பை அரைப் புள்ளி மென்மையாக்குங்கள். இல்லாவிட்டால் பழைய தாளின் மஞ்சள் கோடு சுற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் மூல ஸ்கேனின் மேல் அதே இடத்தில், அதே சாய்வில் பொருத்துங்கள். மூல லேயரைப் பாதி ஒளிபுகும்படி வைத்துக்கொண்டால் இது எளிது.

வெட்டியெடுத்தவை நிழல் இல்லாமல் மிதப்பதுபோல் தெரியும். 300 டிபிஐ பக்கத்தில் புகைப்படத்துக்கு நிழல் தூரம் 6 முதல் 8 புள்ளி, பரவல் 10, அடர்த்தி 40 சதவீதம் போதும். பொத்தான், ரிப்பனுக்குத் தூரம் 15 முதல் 20. எல்லா நிழலும் ஒரே திசையில். ஸ்கேனிலேயே நிழல் வந்திருந்தால் அதே திசையைப் பின்பற்றுங்கள்.

தேய்ந்த கையெழுத்துக்கு அருகே தட்டச்சு விளக்கம் சேர்க்க விரும்பினால் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருவை எடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் ‘கொ’ என்று தட்டினால் கொம்பு இடம் மாறி விழும். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய கையெழுத்தில் ணை, லை, றா போன்றவை எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால் கீழே புது வடிவில் தட்டச்சு செய்து கொடுங்கள், மேலுள்ள எழுத்தில் கைவைக்காதீர்கள்.

அச்சு

திரையில் நன்றாக இருந்து தாளில் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் திரையின் பிரகாசமே காரணம். அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையும் தாளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். பிறகு பக்கத்தில் முகமும் கையெழுத்தும் சேர்ந்திருக்கும் பகுதியை 4ஆர் (4-க்கு 6 அங்குலம்) அளவில் வெட்டி ஒரு சோதனை அச்சு எடுங்கள். முழுப் பக்கம் அடித்து வீணாக்குவதைவிட இது மலிவு.

கோப்பை 300 டிபிஐ, எஸ்ஆர்ஜிபி நிற வெளியில் (திரைகளுக்கான பொதுவான நிற அமைப்பு), லேயர்களை ஒன்றாக்கிக் கொடுங்கள். ஓரம்வரை அச்சு வேண்டுமானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் பின்னணி சேர்க்க வேண்டும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸிலும் பென்கூலன் ஸ்திரீட்டிலுள்ள சன்ஷைன் பிளாசாவிலும் அச்சுக் கடைகள் உண்டு. பிக்மென்ட் மையா (எளிதில் மங்காத நிறமி மை), அமிலமில்லாத தாளா என்று இரண்டையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

மூலமும் கோப்புகளும்

புதுப் பக்கம் கைக்கு வந்தபின் பழையதை எறிந்துவிட வேண்டாம். பக்கங்களுக்கிடையே அமிலமில்லாத மெல்லிய தாளை வைத்து, கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் காப்பறை (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) இதற்கு ஏற்றதல்ல, கதவை மூடினால் காற்றோட்டம் குறைவு. பெட்டி இல்லையென்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் கலத்தில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, நிறம் மாறும்போது பைகளை மாற்றுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கோப்புகள் இருக்க வேண்டும்: திருத்தாத டிஃப், லேயர்களோடு உள்ள வேலைக்கோப்பு, பகிர்வதற்கான ஜேபெக். பெயரை ‘1984_பக்கம்07_மூலம்’, ‘1984_பக்கம்07_வேலை’ என்ற வரிசையில் வைத்தால் தேடுவது எளிது. இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் ஒவ்வொரு பிரதி, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ மூன்றாவது. அச்சிட்ட பக்கத்தின் பின்புறம் பென்சிலால் மூலத்தின் ஆண்டு, திருத்திய ஆண்டு, படத்தில் இருப்பவர்களின் பெயர், எழுத்து யாருடையது என்று எழுதுங்கள். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறி வரும்.